மார்லிஸ் சொன்ன தீர்ப்பும் மூன்றாம் நம்பர் மைதானமும்

பள்ளிப் பேருந்திலும் ஏறாமல், பேஸ்பாலுக்குத் தங்கையான சாஃப்ட்பாலும் ஆடாமல் ஹாம்லின் நகரத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் மார்லிஸ் டிகெய்சரைத் தெரியாது. அப்படி வளர்ந்தவர்கள் அந்த ஊரில் அதிகம் இல்லை. பகலில் அவள் பள்ளிப் பேருந்துக் கொட்டகையில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று சொல்பவள். பனி கொட்டும் காலைகளில் ஓட்டுநர்கள் கடவுளை நம்பினார்களோ இல்லையோ, அவள் குரலை நம்பினார்கள். சாயங்காலமானால் நீலச் சட்டை, முகக் கவசம், மார்புக் கவசம் மாட்டிக்கொண்டு காசெல் பூங்காவின் மைதானங்களில் அம்பயராக நிற்பாள். அந்தச் சட்டையின் நிறத்தை வைத்து ஆட்டக்காரர்கள் அம்பயர்களை ‘ப்ளூ’ என்று கூப்பிடுவது வழக்கம். நாளடைவில் ஹாம்லினில் ப்ளூ என்றால் அது மார்லிஸ் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது.

அவள் அம்பயரானது தற்செயல். பத்தொன்பது வயதில், தங்கையின் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தாள். வரவேண்டிய அம்பயர் வரவில்லை. “யாராவது வந்து நில்லுங்களேன்” என்று பயிற்சியாளர் கெஞ்சியபோது, கூட்டத்தில் எல்லோரும் காலணியைக் குனிந்து பார்த்தார்கள். இவள் எழுந்து போய் நின்றாள். அன்று கடைசி ஓட்டத்தில், ஓட்டம் முடியும் இடமான ஹோம் பிளேட்டுக்குச் சறுக்கி வந்தது தங்கைதான். பந்து அவளுக்கு முன்னால் வந்துவிட்டது. “அவுட்” என்றாள் மார்லிஸ். தங்கை ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஊர் இவளைக் கூப்பிட ஆரம்பித்தது.

வெண்டல் டிகெய்சரை அவள் முதன்முதலில் சந்தித்ததும் மைதானத்தில்தான். பந்து எல்லைக்குள்தான் வந்தது என்று அவள் சொன்ன ஒரு ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்து அவன் மட்டையைத் தரையில் அடித்தான். அவள் கையை நீட்டி வாசலைக் காட்டினாள். ஆட்டம் முடியும்வரை கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்த வெண்டல், “நான் சொன்னதுதான் சரி. ஆனா நீ சொன்ன விதம் நல்லா இருந்துச்சு. காபி குடிக்க வர்றியா?” என்றான். முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்துக்கு அப்புறமும் அந்தப் பந்து வெளியே போனதாகத்தான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்படிப்பட்ட மார்லிஸ் செடிகொடிகளின் விவகாரத்தில் வந்து மாட்டிக்கொண்டது, விதைக் கம்பெனிக்காரரின் மனைவி ஒருத்தி எழுதிவைத்துவிட்டுப் போன உயிலால். கவுண்டி என்று சொல்லப்படும் அந்த மாவட்டத்தின் பொதுப் பூங்காக்களில் இந்த மண்ணுக்கே உரிய புல்லும் பூவும், அவற்றை நம்பி வாழும் பூச்சியும் பறவையும் திரும்பி வரவேண்டும் என்று அந்த அம்மாள் ஒரு பெரும் தொகையை விட்டுப்போயிருந்தார். ஊர்க் குழுக்கள் விண்ணப்பம் போடலாம். ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று பார்த்து மானியம் வழங்கும். எழுத்தில் அழகாகத்தான் இருந்தது. நடைமுறையில், குழுவில் பறவை பார்ப்பவர்கள் இரண்டு பேர், விளையாட்டுச் சங்கத்தார் இரண்டு பேர், நடுவில் ஒரு தலைவர். முதல் தலைவர் ஆறு மாதத்தில் ராஜினாமா செய்தார். இரண்டாவது தலைவருக்கு ரத்த அழுத்தம் வந்தது. பணம் வங்கியில் தூங்கியது.

கவுண்டி வாரியத்தின் கிளென் ஹாஸ்பெல் ஒருநாள் பேருந்துக் கொட்டகைக்கே வந்தார்.

“எனக்கு டான்டிலயனுக்கும் டெய்சிக்கும் வித்தியாசம் தெரியாது, கிளென்,” என்றாள் மார்லிஸ்.

“செடி தெரிஞ்சவங்க நிறையப் பேர் இருக்காங்க. முடிவு பண்ணத் தெரிஞ்சவங்கதான் இல்ல. நீ கூச்சல் கேட்டுப் பழகினவ.”

“எத்தன பேர் கத்துவாங்க?”

“ஒரு அறை நிறைய.”

“மைதானத்த விடக் கம்மிதான்,” என்று ஒப்புக்கொண்டாள்.

அவள் கொண்டுவந்த முறை எளிமையானது. விண்ணப்பம் போட்ட ஒவ்வொரு இடத்துக்கும் நேரில் போவாள். பேசுகிறவர் எவராக இருந்தாலும் ஒரே அளவு நேரம். அழுதாலும் சரி, வழவழ காகிதத்தில் வண்ணப்படம் ஒட்டிக் கொண்டுவந்தாலும் சரி, கூடுதல் நேரம் கிடையாது. அன்றைக்கே தீர்ப்பு. தள்ளிப்போட்ட தீர்ப்பு புளித்துப்போகும் என்பது அவள் கட்சி.

முதல் வருஷமே ஒரு தீர்ப்பு தப்பாகப் போனது. நூலகத்துக்குப் பின்னால் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போட மானியம் கொடுத்தார்கள். நட்டார்கள், நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். ஆகஸ்ட் வெயிலில் தண்ணீர் ஊற்ற ஒருவரும் இல்லை. களை ஏறி மிதித்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் யாரும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. மார்லிஸ்தான் எடுத்தாள்.

“அது நான் சொன்ன தப்பான தீர்ப்பு. நட்டு வைக்கக் காசு குடுத்தோம், வளக்கக் குடுக்கல. ஆட்டத்துக்கு நடுவுல அம்பயர் வீட்டுக்குப் போனா எப்படி இருக்கும்? இனிமே பணத்துல ஒரு பங்க மூணாவது வருஷம் வரைக்கும் கையில வெச்சிருப்போம். செடி உயிரோட இருந்தாத்தான் அது வெளிய போகும்.”

பறவைக்காரர்களும் விளையாட்டுக்காரர்களும் சேர்ந்து கைதூக்கிய முதல் தீர்மானம் அதுதான்.

இரண்டாம் வருஷம் வந்த விண்ணப்பங்களில் ஒன்று காசெல் பூங்காவைப் பற்றியது. சமுதாயக் கல்லூரியில் உயிரியல் கற்பிக்கும் யெசேனியா பாராகன் என்ற இளம் ஆசிரியை போட்டிருந்தாள். பூங்காவின் தாழ்ந்த மூலையில், ஆற்றிலிருந்து பிரிந்த ஓடைக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றாம் நம்பர், நான்காம் நம்பர் மைதானங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பழைய காலத்து ஈரப் புல்வெளியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அவள் திட்டம்.

செய்தி ஊருக்குள் பரவிய அன்று மாலையே வெண்டலின் தம்பி லானி மார்லிஸின் சமையலறைக்கு வந்துவிட்டான். லானி ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் அணிக்குப் பயிற்சியாளன். பூங்காத் துறையில் புல்வெட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். தன் அணி ஆடும் மூன்றாம் நம்பர் மைதானத்தை, வேலையை விட்ட பிறகும் சொந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து வெட்டிக்கொண்டிருந்தான். டிவியில் வரும் பெரிய மைதானங்களைப் போலப் புல்லில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் விழ வெட்டுவான். அதில் அவனுக்கு ஏகப் பெருமை.

“எப்படியும் நீ அந்த விண்ணப்பத்தத் தூக்கிக் குப்பைல போட்டுருவ, தெரியும். இருந்தாலும் உன் வாயால கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்,” என்றான், அவள் முன்னால் இருந்த பீட்சாத் தட்டிலிருந்து ஒரு நீளத் துண்டை எடுத்தபடி.

“கேக்கறத கூட்டத்துக்கு வந்து கேளு.”

“மார்லிஸ், நான் உன் வீட்டு ஆளு.”

“அதனாலதான் பீட்சாவுக்குக் காசு கேக்கல.”

வெண்டல் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “அவகிட்ட வாதாடாத லானி. ஒரு தடவ வாதாடி முப்பத்தஞ்சு வருஷமா அனுபவிக்கிறேன்,” என்றான்.

ஏப்ரல் நடுவில், பனி கரைந்து ஆறு நிரம்பியிருந்த ஒரு சனிக்கிழமை, மார்லிஸ் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு காசெல் பூங்காவுக்குப் போனாள். யெசேனியா முன்னாலேயே வந்து காத்திருந்தாள். மூன்றாம் நம்பர் மைதானத்தில் ஓடுகிறவர்கள் தொட்டுப்போகும் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் ஒரு வாத்து நீந்திக்கொண்டிருந்தது. வேலியோரத் தண்ணீரில் கட்டைவிரல் அளவுத் தவளைகள் சீப்பின் பற்களை நகத்தால் வருடியது போலச் சத்தமிட்டன.

அந்த மைதானத்தை மார்லிஸ் அறிவாள். ஒவ்வொரு வசந்தமும் பாதி ஆட்டங்கள் அங்கே ரத்தாகும். மணல் கொட்டிப் பார்த்தார்கள். அடியில் குழாய் பதித்துப் பார்த்தார்கள். தண்ணீர் அவர்களைவிடப் பழைய குடியிருப்பாளர் என்பதுபோல் திரும்பித் திரும்பி வந்தது. அவள் அடுத்ததாக நான்காம் நம்பருக்கு நடந்தாள். அது ஒரு முழம் மேட்டில் இருந்தது. பூட்ஸ் பதியவில்லை.

“இது காய்ஞ்சுதான இருக்கு. இத ஏன் சேத்த?”

யெசேனியாவுக்குக் கன்னம் சிவந்தது. “மானிய விண்ணப்பம் எழுத ஒரு வகுப்புக்குப் போனேன், மிஸஸ் டிகெய்சர். பெரிசாக் கேட்டாத்தான் ஓரளவாவது குடுப்பாங்கன்னு சொல்லிக் குடுத்தாங்க.”

“இங்க யாரு ஆடறாங்கன்னு தெரியுமா?”

“பொண்ணுங்க லீக்.”

“தெரிஞ்சுதான் கேட்டியா?”

யெசேனியா நேராகப் பார்த்து, “கேட்டது தப்புதான். ஆனா மூணாவது மைதானத்தப் பத்தி நான் எழுதினதுல ஒரு வார்த்தைகூடத் தப்பில்ல,” என்றாள். கீழே பதித்த குழாய்களை உடைத்துவிட்டால் தண்ணீர் அங்கேயே தங்கும் என்றும், ஆழமாக வேர் விடும் கோரையும் கூர்ப்புல்லும் அதை மெல்ல மண்ணுக்குள் இறக்கிவிடும் என்றும், இப்போது மூன்றிலிருந்து வழிந்து நான்கின் ஓரத்தை அரிக்கும் வெள்ளம் குறையும் என்றும் விளக்கினாள். கையில் காகிதம் எதுவும் இல்லாமல் பேசியபோது அவள் பேச்சு விண்ணப்பத்தைவிட நன்றாக இருந்தது. மார்லிஸுக்கு அவளைப் பிடித்துப்போனது. அதை முகத்தில் காட்டவில்லை. காட்டும் பழக்கம் இல்லை.

கூட்டம் கவுண்டிக் கட்டடத்தின் மாடியில். லானியின் அணி மொத்தமும் சிவப்பு ஜெர்சியோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தது. யெசேனியாவின் மாணவர்கள் பின்வரிசை. இரண்டு தரப்பும் பேசி முடித்தன. குழுவில் பறவைக்காரர்கள் இருவரும் சரி என்றார்கள், விளையாட்டுச் சங்கத்தார் இருவரும் வேண்டாம் என்றார்கள். எல்லோரும் மார்லிஸைப் பார்த்தார்கள்.

“மூணாம் நம்பருக்கு மானியம் உண்டு. நாலாம் நம்பருக்குக் கிடையாது,” என்றாள். “நாலு மேடா இருக்கு, காய்ஞ்சு இருக்கு, பொண்ணுங்க ஆடறாங்க. அத யாரும் தொடக்கூடாது. மூணு தண்ணிக்குச் சொந்தம். நாமதான் இத்தன வருஷமா அங்க வாடகைக்கு இருந்தோம். ஓரத்துல ஒரு ஆள் அகலத்துக்குப் புல்ல வெட்டி ஒழுங்கா வெச்சிருக்கணும், பாக்கறவங்களுக்கு இது கைவிட்ட இடம் இல்லன்னு தெரியணும். பார்வையாளர் பெஞ்சு அங்கயே இருக்கட்டும். லானியோட அணி இனிமே ஒண்ணாம் நம்பர்ல ஆடும்.”

லானி எழுந்தான். “ப்ளூ, உனக்குக் கண்ணு தெரியுதா?” அம்பயர்களிடம் தொன்றுதொட்டுக் கேட்கப்படும் கேள்வி. அறை சிரித்தது.

“தெரியுது. ரெண்டாம் தளத்துக்குப் பக்கத்துல ஒரு வாத்து நீந்திட்டு இருந்துச்சு, அதையும் பாத்தேன். உன் அணில அந்த இடத்துல நிக்கிறவன விட நல்லாவே நகந்துச்சு.”

இந்த முறை சிவப்பு ஜெர்சிகளிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். லானி மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே வரும்போது நான்காம் நம்பரை இழந்ததில் பறவைக்காரர்களுக்கு வருத்தம்; மூன்றாம் நம்பரை இழந்ததில் ஆட்டக்காரர்களுக்குக் கோபம். இரண்டு பக்கமும் முகம் சுளித்தால் பந்து கோட்டின்மேல்தான் விழுந்திருக்கிறது என்று மார்லிஸ் எண்ணிக்கொண்டாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

மைதானத்தைப் பிரித்த நாளில் மட்டும் அவள் வேலைக்கு நடுவே வந்து பார்த்தாள். பந்து தடுக்கும் கம்பிவலையை லாரி இழுத்துக்கொண்டு போனது. அவள் முதன்முதலில் “அவுட்” சொன்ன இடம் அது. லாரி கண்மறையும்வரை பார்த்துவிட்டு, குழாய் உடைக்க வந்த ஆட்களிடம், “நாலாம் நம்பர் பக்கம் வண்டிய ஏத்தாதீங்க,” என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினாள்.

அந்தக் கோடை முழுக்க மூன்றாம் நம்பரின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்புக் கிடந்தது, அடியிலிருக்கும் பழைய புல் வெந்து சாவதற்காக. இலையுதிர்காலக் கடைசியில் விரிப்பை எடுத்து, மாணவர்கள் வரிசையாக நடந்து விதையை இறைத்தார்கள். இந்தச் செடிகளின் விதைக்கு ஒரு பனிக்காலம் மண்ணில் கிடந்து நடுங்கினால்தான் முளைக்கும் புத்தி வரும். வசந்தம் வந்தது. ஊர் ஆவலோடு எட்டிப்பார்த்தது. முளைத்ததெல்லாம் களை. ராக்வீடும் நரிவால் புல்லும் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நின்றன.

“மார்லிஸோட காடு” என்று மதுக்கடையில் பெயர் வைத்தார்கள். மளிகைக் கடையில் ஒருத்தர், “உன் தோட்டத்துப் பூவ ஒரு கொத்து பறிச்சுக் குடேன், என் பொண்ணு கல்யாணத்துக்கு,” என்றார். “கல்யாணத்த மூணு வருஷம் தள்ளிப் போடு, தர்றேன்,” என்றாள் அவள். யெசேனியாதான் கொஞ்சம் கலங்கினாள். விதை முதல் வருஷம் கீழேதான் வளரும், கண்ணுக்குத் தெரியாது என்று வகுப்பில் சொல்வது வேறு. நாலு பேர் கேலி செய்யும்போது நிற்பது வேறு. “கூச்சல் ஆட்டத்துல ஒரு பகுதி. ஸ்கோர் போர்டுல அது ஏறாது,” என்று மார்லிஸ் அவளிடம் சொன்னாள்.

ஜூன் மாதம், ஊரில் குடியேறிய பெல்ஜியக்காரர் சங்கம் கட்டம் கட்டமான வாஃபிள் ரொட்டி சுட்டுக் காலையுணவு போடும் ஞாயிறு. வெண்டல் இரும்பு அச்சுகளுக்குப் பின்னால் ஏப்ரன் கட்டி நின்றான். மாவு மணமும் வெண்ணெய் மணமும் கூடம் முழுக்க. அந்த உணவுக்கு எப்போதும் முதல் ஆளாக வரும் லானி அன்று தாமதமாக வந்து, யாரோடும் பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் யெசேனியா மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

“யாரோ மூணாம் நம்பர முழுசா வெட்டிட்டாங்க.”

மார்லிஸ் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவளோடு காரில் ஏறினாள்.

உண்மைதான். களைக்காடு மறைந்து, இடம் முழுவதும் மொட்டையாக இருந்தது. வெயில் சாய்வாக விழுந்ததில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது: புல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக வெட்டப்பட்டிருந்தது. திருடப் போன இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருந்தான் மனுஷன்.

யெசேனியா மண்டியிட்டு வெட்டுப்பட்ட தண்டுகளை விரலால் விலக்கினாள். கொஞ்சம் நகர்ந்து இன்னொரு இடத்தில் விலக்கினாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து மார்லிஸ் அருகில் போனாள். யெசேனியா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இங்க பாருங்க.” வெட்டின் மட்டத்துக்குக் கீழே, நகத்தளவு இலைகளோடு சின்னஞ்சிறு நாற்றுகள் நின்றன. “இது ஊதாக் கதிர். இது கோரை. இது மில்க்வீட்.” நம் எருக்குக்குப் பங்காளி முறையான செடி அது, மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு அதைத் தவிர வேறு எதையும் தின்னாது. “ஒண்ணுமே வெட்டுப்படல. முதல் வருஷம் களை முழங்காலுக்கு வந்ததும் மேலா மட்டும் வெட்டிடணும், அப்பத்தான் இதுங்களுக்கு வெயில் கிடைக்கும். அடுத்த வாரம் ஆள் கூப்பிட இருந்தேன். வெட்டினவரு அதையே செஞ்சுட்டுப் போயிருக்காரு.”

மார்லிஸ் அந்தக் கட்டங்களை ஒருமுறை நோட்டம் விட்டாள். “நல்லாத்தான் வெட்டியிருக்கான்,” என்றாள்.

கூடத்துக்குத் திரும்பி, ஒரு வாஃபிளை வாங்கிக்கொண்டு லானிக்கு எதிரே உட்கார்ந்தாள். சுற்றியிருந்த மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது.

“காலைல எங்க இருந்த?”

“தூங்கிட்டு இருந்தேன்.”

“உன் சாக்ஸ் முழுக்கப் புல்லு. படுக்கைல முளைச்சிருக்கா?”

லானி காலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

“அத விடு. கட்டம் போட்டு வெட்டியிருக்கு. இந்தக் கவுண்டில அப்படி வெட்டத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான்.”

லானி முள்கரண்டியைக் கீழே வைத்தான். “சரி, நான்தான். என்ன பண்ணப் போற? போலீஸக் கூப்பிடு.”

“எதுக்குப் போலீஸு? யெசேனியா உனக்கு நன்றி சொல்லச் சொன்னா. களைய இந்த வாரம் வெட்ட வேண்டியதுதானாம். எவ்வளவு உயரத்துல வெட்டின?”

“அடியில பழைய கல்லு, இரும்பு ஏதாவது இருந்து கத்தி போயிடும்னு தூக்கி வெச்சுதான் வெட்டினேன்.”

“அதான் சரியான உயரமாம்.”

லானியின் முகத்தில் ஈயாடவில்லை. “பொய் சொல்ற.”

“நான் தப்பா தீர்ப்பு சொல்லியிருக்கேன். பொய்யா சொன்னதில்ல.”

வாஃபிள் அச்சுக்குப் பின்னாலிருந்து வெண்டலின் சிரிப்பு வெடித்தது. பிறகு கூடமே சிரித்தது. மார்லிஸ் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

“ரெண்டு விஷயம் கேட்டுக்கோ,” என்றாள். “ஒண்ணு, கேக்காம உள்ள போனது தப்பு. நாசமாப் போகட்டும்னுதான் போன, அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். இன்னொரு தடவ அப்படிப் போனா, இந்த வருஷம் பூரா எந்த மைதானத்துலயும் உன்ன நிக்க விடமாட்டேன். ரெண்டாவது, மானியத்துல ஒரு பங்குக்கு ஈடா ஊர்க்காரங்க சம்பளம் இல்லாம உழைச்சிருக்கணும்னு விதி. நீ இன்னிக்கு செஞ்சது அந்தக் கணக்குல சேரும். ஜூலைல மறுபடி வெட்டணும்.”

“நான் ஏன் வெட்டணும்?”

“வேண்டாம்னா விடு. காசு குடுத்து வேற ஆள் வெச்சுக்கறோம். அவன் கோணல்மாணலா வெட்டிட்டுப் போவான், அவ்வளவுதான்.”

லானி வாஃபிளை வெட்டினான். அதையும் கட்டத்தோடு ஒட்டித்தான் வெட்டினான். ஜூலை இரண்டாம் வாரம், யெசேனியா பூங்காவுக்குப் போனபோது அவன் இயந்திரத்தோடு வாசலில் நின்றிருந்தான். “எங்க வெட்டணும்னு சொல்லு. பேச்சு வேண்டாம்,” என்றான். முதல் அரைமணி நேரம் அப்படித்தான் இருந்தது. அதன்பின் அவன் கத்தியின் உயரத்தைப் பற்றி ஒரு யோசனை சொன்னான். அது நல்ல யோசனையாக இருந்தது. ஆகஸ்டில் அவளைக் கேட்காமலேயே ஓரப்பாதையை நூல் பிடித்தாற்போல் திருத்தி வைத்திருந்தான். செடி எதையும் அவன் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். “அந்த உயரமானது”, “அந்த ஊதாவானது” என்பான். மதுக்கடையில் அந்த மைதானத்தைப் பற்றித் திட்டுவதையும் நிறுத்தவில்லை.

அடுத்த வருஷம் பாதியளவு பச்சை வந்தது. அதற்கும் அடுத்த வருஷம், கையில் நிறுத்தி வைத்திருந்த பங்கை விடுவிப்பதா என்று பார்க்கக் குழு நேரில் வந்தபோது, கூர்ப்புல் தோளுயரம் நின்றது. ஊதாக் கதிர்கள் மேலிருந்து கீழாகப் பூத்து இறங்கிக்கொண்டிருந்தன. தோளில் சிவப்புப் பட்டை போட்ட கரும்பறவைகள், மைதானம் தங்களுக்கே எழுதிக்கொடுக்கப்பட்டது போல் வந்தவர்களை விரட்டின. விளையாட்டுச் சங்கத்தார் இருவரில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெகுநேரம் மொனார்க் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, குடுத்துருவோம்,” என்றார். ஐந்து கைகளும் உயர்ந்தன.

அந்த வருஷ ஜூன் கடைசியில் பெருமழை. ஆற்றின் இரு கரையிலும் ஊர் ஊராக மைதானங்கள் மூழ்கின. மாவட்டப் பெண்கள் போட்டியை நடத்த வேண்டிய ஊரில் தோணி விடலாம் போலிருந்தது. எங்கே காய்ந்த மைதானம் இருக்கிறது என்று தேடியவர்கள் கடைசியில் ஹாம்லினுக்குப் போன் செய்தார்கள். மூன்றாம் நம்பரில் கணுக்கால் அளவு தண்ணீர் செடிகளுக்கு நடுவே நின்றது. மேட்டில் நான்காம் நம்பர் லேசான ஈரத்தோடு, ஆடத் தயாராக இருந்தது. ஒன்றாம் நம்பரையும் நான்காம் நம்பரையும் வைத்து அந்த வார இறுதிப் போட்டி முழுவதையும் நடத்தினார்கள். பெல்ஜியக்காரர் சங்கத்தின் பெண்கள் பன்றியிறைச்சி சாண்ட்விச் விற்றே ஒரு வருஷச் செலவைச் சம்பாதித்தார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் ஆட்டத்துக்கு மார்லிஸ்தான் அம்பயர். முழங்கால் இரண்டிலும் பட்டி கட்டிக்கொண்டு, கவசத்தை மாட்டும்போது, வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவர் வேலியோரம் நின்று லானியிடம் கேட்பது காதில் விழுந்தது.

“அங்க என்ன அது? வெட்டாம விட்டுட்டாங்களா?”

“வெட்டாம விடறதா?” என்றான் லானி, அவமானப்பட்டவன் போல. “மூணு வருஷமா நான் வெட்டி வளத்தது அது. கண்ட உயரத்துல வெட்ட முடியாது. கத்திய எங்க வெக்கணும்னு தெரியணும். அந்த ஊதா இருக்கு பாரு, அதோட வேரு உன்ன விட நீளம். இப்ப இந்த மைதானம் காய்ஞ்சிருக்குன்னா எதனாலன்னு நெனச்ச?”

“இதுக்கெல்லாம் காசு யாரு குடுக்கறா?”

“மானியம். சும்மா கிடைக்காது. எங்க ஊர்ல அதுக்குத் தலைவி ஒருத்தி இருக்கா, ரொம்பக் கறார். எங்கிட்ட வந்து பேசு, எப்படிக் கேக்கணும்னு நான் சொல்லித் தர்றேன்.”

மார்லிஸ் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சிரித்திருப்பாள், அம்பயர் சிரித்தால் ஆட்டம் கெட்டுவிடும். குனிந்து, சின்னத் துடைப்பத்தால் ஹோம் பிளேட்டின் மண்ணைத் தட்டினாள். நிமிர்ந்தபோது முழங்கால் முறுக்கியது. இந்தப் பருவத்தோடு பிளேட்டுக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிட்டு, தளங்களை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். மானியக் குழுவை விடுவதாக இல்லை. அதற்கு உட்கார்ந்துகொண்டே தீர்ப்புச் சொல்லலாம்.

வெளியூர் அணியின் முதல் பெண் மட்டையோடு வந்து நின்றாள். முதல் பந்து ஓரத்தைத் தொட்டுக்கொண்டு உள்ளே வந்தது.

“ஸ்ட்ரைக்,” என்றாள் மார்லிஸ், பூங்கா முழுக்கக் கேட்கும்படி.

பார்வையாளர் வரிசையிலிருந்து வெண்டலின் குரல் வந்தது: “அது வெளியே போச்சு.”